ஜெர்மனியில் முதலிடம் வாங்கிய கார், பெங்களூரில் எப்படி?

கேள்வி: முனிச்சில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே கார்களுக்கு நடக்கும் கட்டாயச் சோதனையில் எந்த மாடல் எவ்வளவு தேறுகிறது என்று வருடாவருடம் பட்டியல் வருவதாகச் சொல்கிறான். 2025 பட்டியலில் ஹோண்டா ஜாஸ்தான் முதலிடமாம். இங்கே இந்திராநகரில் 2017 ஜாஸ் பெட்ரோல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள். எமிஷன் சர்டிஃபிகேட்டும் புதிது. தைரியமாக வாங்கலாமா? நம் நாட்டில் இப்படி ஒரு பட்டியல் கிடையாதா?
– அல்சூர் வாசகி

பதில்: உங்கள் தம்பி சொன்னது சரிதான் அம்மா. டூஃப் என்ற சோதனை நிலையங்களின் கூட்டமைப்பு வெளியிடும் பட்டியல் அது. 2025 பதிப்பில், இரண்டு மூன்று வயதான கார்களில் ஜாஸுக்குத்தான் முதலிடம். நூற்றுக்கு 2.4 வண்டிகளில்தான் பெரிய குறை இருந்தது. கடைசி இடம் டெஸ்லா மாடல் 3க்கு, 14.2 சதவீதம்.

ஆனால் அந்த ஜாஸும் இந்திராநகர் ஜாஸும் ஒரே வண்டி இல்லை. ஐரோப்பாவில் 2020 முதல் விற்பது நான்காம் தலைமுறை ஜாஸ். அது ஹைப்ரிட் மட்டும்தான், இந்தியாவுக்கு வரவே இல்லை. நம் ஊரில் 2015 முதல் 2023 வரை விற்றது மூன்றாம் தலைமுறை, பெட்ரோலில் 1.2 லிட்டர் இன்ஜின். பெயர்தான் ஒன்று. அங்கே சோதனைக்குப் போனது மூன்று வயதுக் குழந்தை, நீங்கள் பார்ப்பது அதைவிடப் பல வயது மூத்தது. அந்த 2.4ஐ இந்த வண்டியின் நெற்றியில் ஒட்ட முடியாது.

பட்டியலை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதே மாதிரி செய்தி பலருக்கும் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கிறது. அங்கே சோதிப்பது பாதுகாப்பை: பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், அடிப்பாகத் துரு, புகை. கியர்பாக்ஸ் உயிரை விட்டுக்கொண்டிருக்கும் கார்கூட அதில் தேறிவிடும். ஒரு பல்ப் போன புதுக் கார் தேறாமல் போகலாம். ஏ.சி. கம்ப்ரஸரைப் பற்றியோ கிளட்ச்சைப் பற்றியோ அந்தச் சதவீதம் ஒன்றும் சொல்லாது. நம் பர்ஸைக் காலி செய்வது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

அடுத்தது, யார் ஓட்டினார்கள் என்பது. போர்ஷே 911 அந்தப் பட்டியலில் வருடக்கணக்காக மேலேயே இருக்கும். வாங்குகிறவர் அதைக் கராஜில் வைத்துக் குழந்தைபோலப் பார்க்கிறார், கொஞ்சமாக ஓட்டுகிறார். ஒரு நாளும் ஓய்வில்லாமல் கம்பெனி வேலைக்கு ஓடும் கார் கீழே போய்விடும். டெஸ்லாவின் கதை வேறு. மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. பிரேக் டிஸ்க்குக்கு வேலையே இல்லை, சும்மா கிடந்து துருப்பிடிக்கிறது. அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு வேறு போடுகிறார்கள். பெங்களூரில் உப்பு ஏது? இங்கே வண்டியைத் தின்பது பள்ளமும் ஹம்ப்பும்தான்.

இந்தியாவில் ஏன் பட்டியல் இல்லை என்றால், சொந்தக் காருக்கு அப்படி ஒரு சோதனையே இல்லை. பிரிட்டனில் மூன்று வயது ஆன காரை வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள். ஜெர்மனியில் முதல் சோதனை மூன்றாம் வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. நமக்கு 15 வருடம் வரை பிரேக்கைக் கேட்பாரில்லை. நடுவில் இருப்பது புகைச் சோதனை ஒன்றுதான். பி.எஸ். 4, பி.எஸ். 6 என்ற அரசுப் புகைத் தரத்தில் வந்த வண்டிகளுக்கு வருடம் ஒருமுறை. 2017 ஜாஸ் பி.எஸ். 4. ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள் என்பது போன்ற புகை வரம்புகளைத் தாண்டாவிட்டால் சர்டிஃபிகேட் கிடைத்துவிடும். சைலன்ஸர் வாயில் குழாயை நுழைத்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் குனிந்து சக்கரத்துக்கு உள்பக்கம் பார்ப்பதில்லை.

இதை நான் பட்டு அறிந்தேன். என் அக்காவுக்காக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியபோது எமிஷன் சர்டிஃபிகேட் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பிறகு சிவாஜிநகரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்டியைக் குழியின் மேல் நிறுத்திக் கீழே இறங்கியவர், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் கடப்பாரையைக் கொடுத்து லேசாக நெம்பினார். இரண்டையும் இணைக்கும் ரப்பர் புஷ், காய்ந்த வாழைமட்டை மாதிரி வெடித்து உள்ளே இருக்கும் இரும்புக் குழல் தெரிந்தது. "அண்ணா, இத வச்சுக்கிட்டு ஃப்ளைஓவர் எறங்குனீங்களா?" என்று கேட்டார். அக்கா அன்று காலைதான் குழந்தைகளை ஸ்கூலில் விட்டு வந்திருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆகவே நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஜாஸைக் குழிக்கோ லிஃப்ட்டுக்கோ கொண்டுபோங்கள். விற்பவர் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம், அவ்வளவுதான். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராட், ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் வரப்பு மாதிரி விளிம்பு எழும்பியிருக்கிறதா, இவற்றை மெக்கானிக் காட்டச் சொல்லி உங்கள் கண்ணால் பாருங்கள். காலி ரோட்டில் ஒரு ஹம்ப்பைப் பத்து கிலோமீட்டர் வேகத்தில், ஜன்னலை இறக்கி, ரேடியோவை அணைத்து ஏறி இறங்குங்கள். "டொக்" என்று ஒலி வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

62,000 என்ற கணக்கு மெய்யா என்று பார்க்கவேண்டும். பிரிட்டனில் வண்டி நம்பரைப் போட்டாலே ஒவ்வொரு சோதனையின்போதும் மீட்டரில் என்ன இருந்தது, எதில் தவறியது என்று இலவசமாகத் தெரிந்துவிடும். நம் பரிவாஹன் தளத்தில் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும், கிலோமீட்டர் வராது. ஷோரூமில் சர்வீஸ் விட்ட வண்டி என்றால் விற்பவரையும் அழைத்துக்கொண்டு அங்கேயே போய்ப் பழைய பில்களைக் கேளுங்கள். பில்லில் தேதியும் மீட்டர் அளவும் இருக்கும். பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து மீட்டர் மட்டும் 62,000 காட்டினால் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நான்கு டயரிலும் நான்கு வெவ்வேறு வருடம் இருந்தால், யாரோ பஞ்சர் கடையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள்.

மாடலைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால், நல்ல மாடல்தான். தயாரிப்பு நின்றுவிட்டதே, பாகம் கிடைக்குமா என்று பயப்படவேண்டாம். அந்த 1.2 இன்ஜின் ஹோண்டா அமேஸிலும் இருக்கிறது, ஹோண்டாவின் இன்னொரு காரான டபிள்யூ.ஆர்-வியோ ஜாஸின் மேலேயே கட்டியது. ஆட்டோமேட்டிக் என்றால் மட்டும், சி.வி.டி. (ஜாஸின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் மாற்றிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். குழியில் தேறினால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: மஞ்சள் போர்டு எட்டியோஸ், 2017 மாடல் வாங்கி ஏர்போர்ட் டிரிப் ஓட்டலாம் என்று இருக்கிறேன். எட்டியோஸ், டிசையர் இரண்டில் எது எஃப்.சி.யில் (வண்டி ஓடத் தகுதியானதா என்ற சோதனை) சுலபமாகப் பாஸ் ஆகும்?
– கே.ஆர். புரம் ஓட்டுநர்

பதில்: தம்பி, மாடலைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். வாடகை வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கு மேல் வருடாவருடம். 2017 வண்டி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. எஃப்.சி.க்கு முன்னால் டிங்கரிங், பெயிண்ட், பிரேக் வேலை என்று வண்டி நிற்கும் நாட்களை ஒவ்வொரு வருடமும் வருமானத்தில் கழித்துக்கொள்ளுங்கள். அதைக் கணக்கில் எடுத்தால் ஒரு லட்சம் அதிகம் கொடுத்து 2020க்குப் பிந்திய வண்டி வாங்குவது லாபமாகக்கூட இருக்கலாம்.

எஃப்.சி.யில் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் சின்னச் சமாச்சாரங்கள்: ஸ்பீடு கவர்னர் சீல், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், ஒரு பக்கம் எரியாத பிரேக் லைட், கட்டாத அபராதம், முடிந்துபோன இன்சூரன்ஸ். சாதாரண ஹெட்லைட்டை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டிருந்தால் பழையதையே மாட்டிவிடுங்கள், எதிரே பைக்கில் வருபவருக்குக் கண் கூசுகிறது. சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுப்பார்கள் இல்லையா, அதை வாங்கும் அன்றைக்கே நீங்களும் எடுத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எஃப்.சி. முடிந்த வண்டியில் ஒரு நாள்கூடப் பயணியை ஏற்றாதீர்கள். விபத்து ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யும், உங்கள் குடும்பம்தான் தவிக்கும்.

கேள்வி: பெசன்ட் நகரில் இருக்கும் மாமா தன் 13 வருடப் பழைய காரைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கொண்டுவந்து ஓட்டலாமா?
– ஒரு ஐ.டி. ஊழியர்

பதில்: முதலில் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கடற்காற்றில் நின்ற வண்டியில் தரைத் தகடும் கதவின் அடிவிளிம்பும் கோலப்பொடி மாதிரி உதிரும். வண்டிக்கு இன்னும் இரண்டே வருடத்தில் 15 வயது முடிகிறது, அப்போது ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கவேண்டும். தேறினால் ஐந்து வருடம் கிடைக்கும். துருவை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது கஷ்டம்.

டி.என். வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகாவில் மறுபதிவு செய்யவேண்டும், இங்கத்திய சாலை வரியும் கட்டவேண்டும். வண்டியின் வயதுக்கு வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ.வில் கேட்டு, மாமா சொல்லும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்படியும் கட்டுப்படியானால் வாங்குங்கள். மாமாதானே என்று, தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி.யை (ஆட்சேபணை இல்லாச் சான்று) தள்ளிப்போடாதீர்கள். அது கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.