பிறக்கும்போதே மடங்கிய மூட்டுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: பேத்தி பிறந்ததிலிருந்து முழங்கை மடங்கவில்லை, மணிக்கட்டு இரண்டும் உள்பக்கம் வளைந்திருக்கின்றன. மருமகள் கிரகணத்தன்று வெளியே போனாள். அதனாலா டாக்டர்?

இல்லை அம்மா. முதலில் மருமகளிடம் அதைச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை எவ்வளவு குற்ற உணர்வோடு இருக்கிறதோ.

கருவில் குழந்தை கைகாலை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் மூட்டு சரியாக உருவாகும். அசைவு குறைந்தால் மூட்டைச் சுற்றியுள்ள திசு இறுகிவிடும். மாவுக்கட்டு பிரித்த கை நீட்ட வராதே, அது மாதிரிதான். பல மூட்டுகளில் இப்படி இருந்தால் ஆர்த்ரோகிரைபோசிஸ் என்கிறோம். சுமார் 3000 பிறப்பில் ஒன்று. ஆனால் இது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. பின்னால் 400-க்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கலாம். எது என்று தெரிந்தால்தான் அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேச முடியும்.

கேள்வி: மகனுக்கு அமையோபிளேசியா என்றார்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா?

அந்தப் பெயர் உறுதியானால் பயப்படாதீர்கள். ஆர்த்ரோகிரைபோசிஸ் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு இதுதான். கைகால் தசைகள் சரியாக உருவாகாமல் அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் இருக்கும். இது பரம்பரையாக வருவதில்லை. ஒரே மரபணு கொண்ட, அச்சு அசலான இரட்டையரிலேயே பெரும்பாலும் ஒரு குழந்தைக்குத்தான் வருகிறது.

கேள்வி: குழந்தைக்கு விரல்கள் மடங்கியிருக்கின்றன, பாதமும் வளைந்திருக்கிறது. என் கணவருக்கும் சுண்டுவிரல் நீளாது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். கை, பாதத்தில் மட்டும் அதிகம் தெரியும் வகையை டிஸ்டல் ஆர்த்ரோகிரைபோசிஸ் என்பார்கள். பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எம்ஒய்எச்3, டிபிஎம்2, டிஎன்என்ஐ2 போன்ற மரபணுக்கள் தசை சுருங்க உதவும் புரதங்களைச் செய்பவை. எம்ஒய்எச்3 முக்கியமாகக் கருவில் வேலை செய்வது. ஒரே மாற்றம் அப்பாவுக்கு ஒரு விரலோடு நின்று, பிள்ளைக்கு அதிகமாகத் தெரியலாம். அதனால் கணவரையும் கூட்டிப்போய்க் கையைக் காட்டச் சொல்லுங்கள். வாய் மிகச் சிறிதாக இருந்தால் 1938-இல் விவரிக்கப்பட்ட ஃப்ரீமன்-ஷெல்டன் வகையாக இருக்கலாம். அப்படியானால் எந்த அறுவைக்கும் முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். மயக்கத்தின்போது மூச்சுக்கான குழாயைத் தொண்டை வழியாகப் போடுவது சிரமமாகும்.

கேள்வி: நான் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். முதல் குழந்தை இப்படிப் பிறந்து இறந்துவிட்டது. எல்லாரும் என்னையே சொல்கிறார்கள்.

உங்கள் வலி புரிகிறது. பழி யார் மேலும் இல்லை. நெருங்கிய உறவில் மணந்தால் இருவரிடமும் ஒரே பழுதான மரபணுப் பிரதி இருக்க வாய்ப்பு கூடும். அப்படி இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீத வாய்ப்பு. ஆனால் உறவில் மணக்காதவர்களுக்கும் இது வரும். ஃபின்லாந்தில் ஜிஎல்இ1 மரபணுப் பழுதால் இப்படி வரும், பிழைக்க முடியாத ஒரு வகை இருக்கிறது; பழுதான ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் பெற்றோருக்கு அது தெரியவே தெரியாது.

எல்லாமே அவ்வளவு கடுமையும் இல்லை. எஸ்கோபார் வகையில் சிஎச்ஆர்என்ஜி மரபணு பழுதாகிறது. நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் ஒரு பகுதியை அது செய்கிறது. ஏறக்குறைய 33-ஆவது வாரத்தில் அந்தப் பகுதிக்குப் பதிலாக வேறொன்று வந்துவிடும். அதனால் பிறந்த பின் தசை வேலை செய்யும், முன்பே இறுகிய மூட்டு மட்டும் அப்படியே நிற்கும். ஒவ்வொரு முறையும் வியந்துபோகும் விஷயம் எனக்கு இது.

குழந்தையின் ரத்தமோ டிஎன்ஏவோ மருத்துவமனையில் சேமித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இருவரையும் சோதிக்கலாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: எக்ஸோம் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் மரபணுக் காரணம் இல்லைதானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. எக்ஸோம் என்பது மரபணுக்களில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகளைப் படிக்கும் சோதனை; அதற்குச் சிக்காத மாற்றங்கள் உண்டு. சில வருடம் கழித்து அதே தரவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தாய்க்கு மயஸ்தீனியா (உடலின் எதிர்ப்பொருள்களே தாக்கித் தசையைச் சோரவைக்கும் நோய்) இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த எதிர்ப்பொருள்கள் கருவின் அசைவை நிறுத்தலாம், அதற்குச் சிகிச்சையும் உண்டு.

கேள்வி: மரபணுக் கோளாறு என்றால் பிசியோதெரபியால் என்ன பயன்?

நிறையப் பயன். பல வகைகளில் இறுக்கம் பிறந்த பிறகு கூடிக்கொண்டே போவதில்லை. முதல் வாரங்களிலேயே மெதுவாக நீட்டிவிடும் பயிற்சி, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட், வளைந்த பாதத்தைப் படிப்படியாக மாவுக்கட்டு போட்டு நேராக்கும் பொன்செட்டி முறை எல்லாம் தொடங்கலாம். மரபணு முடிவு வர மாதக்கணக்காகும், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.