பிளஸ் டூ உயிரியலுக்கு நோட்ஸ் எப்படி எடுப்பது? வியாசர்பாடியில் இருக்கிறேன், டியூஷன் இல்லை

முதலில் கைடை ஓரமாக வையுங்கள். பாடநூல் கழகத்தின் புத்தகம் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, அதுதான் அடிப்படை. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் பாதிப்பாதி. அதனால் இரண்டுக்கும் தனித்தனி நோட்டு.

பத்தியை அப்படியே காப்பி அடிப்பது நோட்ஸ் இல்லை, கைவலி. படத்திலிருந்து ஆரம்பியுங்கள். உதாரணமாக, பூக்கும் தாவரத்தின் கருப்பை (சூலுக்குள் இருக்கும் embryo sac). புத்தகத்தை மூடிவிட்டு வரையுங்கள்: ஒரு முனையில் அண்ட செல் 1, அதன் பக்கத்தில் சினர்ஜிட் என்ற துணைச் செல் 2, எதிர்முனையில் எதிரடிச் செல் 3, நடுவில் மைய செல் 1. மொத்தம் 7 செல். ஆனால் உட்கரு 8, ஏனென்றால் மைய செல்லில் மட்டும் இரண்டு. இந்த ‘ஏனென்றால்’தான் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். (விலங்கியலில் கருப்பை என்றால் வேறு, கரு வளரும் uterus. தமிழ் மீடியம் பிள்ளைகள் இங்கேதான் குழம்புவார்கள், ஓரத்தில் குறித்துவையுங்கள்.)

அப்புறம் பழைய வினாத்தாள்கள். கேட்கப்பட்ட படத்துக்கெல்லாம் பென்சிலில் ஒரு புள்ளி போதும். வீட்டில் சத்தமாக இருந்தால் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் பக்கம்தான், உட்கார்ந்து படிக்க இடம் உண்டு. புரியாத பாடத்துக்குக் கல்வித் தொலைக்காட்சி வீடியோ பாருங்கள். பார்க்கும்போது மட்டும் நோட்ஸ் எடுக்காதீர்கள். முடிந்தபிறகு நினைவிலிருந்து எழுதுங்கள்.