கேள்வி–பதில்: இரும்பில் பின் பம்பர்

கேள்வி: காடு மேடு என்று ஓட்டுகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்னுடையது. பின்னால் இருந்த பிளாஸ்டிக் பம்பர் பாறையில் இடித்துப் பாதி போய்விட்டது. 6 மி.மீ. தகட்டில் நானே ஒரு பம்பர் செய்யலாம் என்று இருக்கிறேன். வெல்டிங் ஓரளவு வரும். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: தகட்டிலிருந்து தொடங்காதீர்கள். பழைய பம்பரை முழுதாகக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுங்கள். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களும் பின்னால் எங்கே முடிகின்றன, கம்பெனியே போட்ட துளைகள் எத்தனை இருக்கின்றன, பக்கத்தில் எரிபொருள் டேங்க், சைலன்சர் குழாய், வயர்கள் எப்படிப் போகின்றன என்று பார்த்து, அளந்து, ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். பம்பரின் பலம் அது சேஸிஸைப் பிடித்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. வெளியே தெரியும் முகத் தகடு எவ்வளவு கனமாக இருந்தாலும், அதைச் சேஸிஸோடு இணைக்கும் பிராக்கெட் இரண்டு போல்ட்டில் தொங்கினால் ஒரே இடியில் மொத்தமும் மடங்கி டேங்க் பக்கம் போகும்.

பிராக்கெட்டுக்கு 6 முதல் 8 மி.மீ. தகடு வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது நான்கு போல்ட், 12 மி.மீ., தலையில் 8.8 என்று பலத்தின் குறி பொறித்தது. சேஸிஸ் பெட்டி வடிவமாக இருந்து போல்ட் அதற்குள் ஊடுருவிப் போகிறது என்றால், உள்ளே சரியான நீளத்தில் ஒரு கனமான குழாய்த் துண்டைக் கொடுத்து அதன் வழியாகப் போடுங்கள். இல்லையென்றால் முறுக்க முறுக்கச் சேஸிஸின் சுவர் உள்ளே அமுங்கும், போல்ட் ஒருநாளும் இறுகாது. பிராக்கெட்டை நேரடியாகச் சேஸிஸில் வெல்டு வைக்கச் சிலர் சொல்வார்கள், நான் வேண்டாம் என்பேன். அந்தச் சூட்டில் பக்கத்து இரும்பின் குணம் மாறுகிறது, உட்புறத் துருக்காப்புப் பூச்சு எரிந்துபோகிறது, பிறகு ஒருநாள் பம்பரைக் கழற்ற வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும்.

இப்போது தகட்டுக்கு வருவோம். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ. பின் பம்பருக்குக் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால் 6 மி.மீ.யில் 47 கிலோ, 4 மி.மீ.யில் 31 கிலோ. பிராக்கெட்டும் மற்றதும் தனி. இந்த எடை பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 100 கிலோ ஏற்றினால் பின் அச்சில் 140 கிலோ கூடும், முன் அச்சில் 40 கிலோ குறையும், அதாவது ஸ்டீயரிங்கும் பிரேக்கின் பெரும்பங்கும் உள்ள பக்கம் லேசாகிறது. அதனால் முகத்துக்கு 4 மி.மீ. போதும். தட்டையான தகடு 6 மி.மீ.யாக இருந்தாலும் நடுவில் குழியும், அதே இடத்தில் ஒரு மடிப்பும் பின்புறம் இரண்டு குறுக்குத் தகடும் கொடுத்தால் 4 மி.மீ. தாங்கிவிடும்.

முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். வண்டியில் வைத்து, டேப் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி வெட்டுங்கள். இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை. இரண்டு விஷயம் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிட வேண்டும். ஒன்று, பாடி ரப்பர் புஷ்மேல் உட்கார்ந்திருக்கிறது, பம்பரோ சேஸிஸில் இறுகி நிற்கிறது, ஆக ஓடும்போது இரண்டும் தனித்தனியாக அசையும். 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் முதல் பெரிய பள்ளத்திலேயே பாடி நசுங்கும். இன்னொன்று, மேட்டில் ஏறி இறங்கும்போது பம்பர் தரையில் இடிக்காமல் இருக்கப் பின்னால் கிடைக்கும் கோணம். நேரான குச்சி ஒன்றைப் பின் டயரை உரசியபடி தரையில் ஊன்றிப் பம்பரின் அடிவிளிம்பைத் தொடும்படி பிடியுங்கள். ஊன்றிய இடத்திலிருந்து விளிம்பு 80 செ.மீ. பின்னால், 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் கோணம் சுமார் 29 டிகிரி. விளிம்பை 60 செ.மீ.க்கு உயர்த்தினால் 37 டிகிரி ஆகிவிடும். மூலைகளைச் சாய்த்து மேலே தூக்குவதற்குக் காரணம் இதுதான்.

மடிக்கிற மெஷின் இல்லையா? மடிப்புக் கோட்டில் கிரைண்டரால் தகட்டின் கனத்தில் பாதிக்குமேல் கீறி, மடித்து, அந்தக் கீறலை வெல்டால் நிரப்புங்கள். பொட்டுப் பொட்டாக வைத்து எல்லா மூலையும் பொருந்திய பிறகுதான் முழுக்கப் பற்றவைக்க வேண்டும், அதுவும் ஒரே மூச்சில் ஓட்டாமல் இங்கே ஒரு விரல் நீளம், அங்கே ஒரு விரல் நீளம் என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கமாகவே ஓட்டி என் முதல் பம்பர் வில் மாதிரி வளைந்துவிட்டது, பிராக்கெட் துளைகள் ஒரு விரல் தள்ளி நின்றன.

கேள்வி: சேற்றில் மாட்டினால் இழுக்க இதே பம்பரில் கொக்கி வைக்க வேண்டும். முகத் தகட்டில் ஒரு வளையத்தை வெல்டு வைத்தால் போதாதா?

பதில்: போதாது. இந்தக் கேள்வி–பதிலில் எந்தப் பதிலை விட்டாலும் இதை விடாமல் படியுங்கள். மாட்டிக்கொண்ட வண்டியை வேகம் கொடுத்து இழுக்கும்போது விழும் சுமை வண்டியின் எடையையே தாண்டக்கூடும், பிய்ந்து வரும் இரும்பு நேராக இழுக்கிற வண்டியின் கண்ணாடிக்குப் போகும். டிரெய்லர் மாட்டும் டோ பாரின் உருண்டை முனையில் கயிறு மாட்டி இழுத்து, அது முறிந்து பறந்து, ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இப்படி: 20 அல்லது 25 மி.மீ. தகட்டில், ஷேக்கிள் (கயிறு மாட்டும் U வடிவக் கொக்கி) மாட்டத் துளையுள்ள இழுவைக் காது வெட்டுங்கள். முகத் தகட்டில் பிளவு போட்டு அதன் வழியாகக் காதை உள்ளே நுழைத்து, பின்னால் சேஸிஸ் பிராக்கெட்டோடு நேரடியாகச் சேர்த்து, முகத்தின் இரண்டு பக்கமும் வெல்டு வையுங்கள். இழுவை காதிலிருந்து பிராக்கெட், பிராக்கெட்டிலிருந்து சேஸிஸ் என்று போக வேண்டும், நடுவில் முகத் தகடு வேலை செய்யவே கூடாது. 19 மி.மீ. ஷேக்கிள், 4.75 டன் என்று பொறித்தது, அதன் குறுக்கே போகும் ஆணி 22 மி.மீ. இருக்கும், காதின் துளையை 24 அல்லது 25 மி.மீ.க்குப் போட்டு, விளிம்பைப் பிசிறில்லாமல் உருட்டிவிடுங்கள். துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் துளையின் அளவுக்காவது இரும்பு மிஞ்ச வேண்டும்.

உங்கள் வெல்டிங்மேல் உங்களுக்கே முழு நம்பிக்கை இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள், காதையும் பிராக்கெட்டையும் மட்டும் கைதேர்ந்த வெல்டரிடம் கொடுங்கள். கனத் தகட்டில் ஓரத்தைச் சாய்த்து அறுக்காமல் மேலே ஓட்டிய வெல்டு பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பிடித்திருக்காது.

கேள்வி: ஸ்டெப்னியைப் பம்பரிலேயே கதவு மாதிரி திறக்கும் கையில் மாட்டினேன். ஆறே மாதத்தில் கை தொங்கிவிட்டது, மூடும்போது தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. என்ன தவறு?

பதில்: கதவுக் கீலைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரிய டயரும் ரிம்மும் சேர்ந்தால் 35 கிலோவுக்குக் குறையாது, அது நீளமான கையின் பாதியில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு குழியிலும் குதிக்கிறது. டிரெய்லர் சக்கர ஹப்பில் இருக்கிற மாதிரி, ஒன்றுக்கொன்று எதிராக உட்காரும் இரண்டு டேப்பர் பேரிங் (கூம்பு உருளைகள் உள்ள பேரிங்) கொண்ட தண்டு வேண்டும், கிரீஸ் அடிக்கும் நிப்பிளோடு. அந்தத் தண்டு பம்பரின் மேல் தகட்டில் மட்டும் நிற்கக் கூடாது, அடித்தகடு வரை இறங்கி இரண்டிலும் வெல்டாக வேண்டும். அப்புறம், கை மூடியிருக்கும்போது அதன் நுனி சரிவான ஒரு தாங்கியில் ஏறி உட்கார வேண்டும். தாழ்ப்பாள் பூட்டி வைக்க மட்டுமே, எடை தாங்க அல்ல.

கேள்வி: பம்பரை வண்டியில் வைத்தபடியே வெல்டு வைக்கலாமா?

பதில்: பொட்டு வைக்க மட்டும், அதுவும் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே பம்பரில் போட்டு, தீயணைப்பானோடு ஒருவர் நிற்கும்போது. பல வண்டிகளில் டேங்க் பின் பம்பருக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. முழு வெல்டையும் கழற்றித் தரையில் வைத்துச் செய்யுங்கள். தகட்டைத் துடைக்க பிரேக் கிளீனர் ஸ்பிரே வேண்டவே வேண்டாம்: குளோரின் கலந்த வகை மிச்சமிருந்து வெல்டிங் சூடு பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். ஜிங்க் பூசிய தகடாக இருந்தால் வெல்டு வரும் இடத்தில் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுங்கள், அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும்.

கேள்வி: என் வண்டிக்குத் தனிச் சேஸிஸ் இல்லை, பாடியே சேஸிஸ். எனக்கும் இதே முறை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம், மோதலில் தானே நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காக வைத்தது. அதை எடுத்துவிட்டு நசுங்காத இரும்பை வைத்தால் அடி நேராகப் பாடிக்குப் போகும். அதைத் தொடாமல், அடிவிளிம்பை மட்டும் காக்க ஒரு குழாய் வளைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: துரு பிடிக்காமல் இருக்க எந்த பெயின்ட்?

பதில்: பெயின்டைவிட ஓட்டை முக்கியம். மூடிய பெட்டிக்குள் தண்ணீர் தேங்கினால் எந்த பெயின்டும் காப்பாற்றாது, ஆகவே அடியில் ஒவ்வொரு அறைக்கும் 10 மி.மீ. துளை இரண்டு போட்டுவிடுங்கள். வெளியே தகட்டின்மேல் படிந்திருக்கும் கறுப்புச் செதிலைத் தேய்த்து எடுத்து ஜிங்க் பிரைமர், மேலே எந்தக் கறுப்பு பெயின்ட்டும் சரி. உள்ளே மெழுகு ஸ்பிரே. நம்பர் பிளேட் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, ரிஃப்ளெக்டர் எல்லாவற்றுக்கும் இடத்தை பெயின்ட்டுக்கு முன்னாலேயே வெட்டிவிடுங்கள், பிறகு வெட்டினால் துரு அந்த ஓரத்தில்தான் முதலில் தொடங்கும்.