பனித்துளைக்கு எந்த ரீல்? கேள்வி பதில்

உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பதைப் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் பெய்ட்காஸ்டரா, ஸ்பின்னிங் ரீலா (தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் கருவியின் இரண்டு வகைகள்) என்பதைச் சுற்றியே இருந்தன. அதனால் மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, இரண்டு வகையும் என்னிடம் இருக்கின்றன. பனிக்கு எதை எடுத்துப் போவது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

துளைக்குள் இறக்கப் போகும் லூர் (போலி இரை) 5 கிராமுக்குக் கீழே என்றால் ஸ்பின்னிங். 10 கிராமுக்கு மேலே என்றால் பெய்ட்காஸ்டர். நடுவில் இருந்தால் கைக்குப் பழகியது எதுவோ அது. இது என் கைக்கணக்கு, சட்டம் இல்லை.

கோடையில் ரீல் வாங்கும்போது எவ்வளவு தூரம் வீசலாம், பிரேக் எப்படி என்றுதான் பார்ப்போம். பனியில் வீச்சே கிடையாது. துளை காலடியில் இருக்கிறது, லூர் நேராகக் கீழே போகிறது, அவ்வளவுதான். ஆகவே கோடையில் நன்றாக உழைத்த ரீல் இங்கேயும் அப்படியே உழைக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: எடையை வைத்து ஏன் பிரிக்கிறீர்கள்? இரண்டிலும் தூண்டில் நரம்பு கீழேதானே போகிறது?

போகிற விதம் வேறு. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அசையாமல் நிற்கும். பெயிலை (நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் கம்பியை) திறந்தால் நரம்பு ஸ்பூலின் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக வெளியே வரும். அதை இழுக்க ஏறக்குறைய எந்த எடையும் வேண்டாம். 1 கிராம் ஜிக்கூட (கனமான தலை வைத்த சின்னத் தூண்டில் முள்) தானாக இறங்கிவிடும்.

பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே உருள வேண்டும், பட்டம் விடும்போது நூல்கண்டு உருளுகிற மாதிரி. அதை உருட்ட லூருக்குக் கொஞ்சம் கனம் வேண்டும். குளிரில் உள்ளே இருக்கும் கிரீஸும் இறுகிப் போயிருக்கும். 1 கிராம் ஜிக்கைக் கட்டினால் அது துளையின் வாயிலேயே ஊசலாடிக்கொண்டிருக்கும், நீங்கள் கையால் நரம்பை உருவி உருவி விட வேண்டியதுதான். பெர்ச், ப்ளூகில், கிராப்பி மாதிரி சிறிய மீன்களுக்குப் பெய்ட்காஸ்டர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கேள்வி: சார், ஸ்பின்னிங் ரீல்தான் வைத்திருக்கிறேன். ஜிக் தண்ணீருக்குள் கிறுகிறுவென்று சுற்றுகிறது. மீன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது சோனாரில் (மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் கருவி) தெரிகிறது. ரீலில் குறையா?

ரீலில் பாதி, உங்கள் கையில் பாதி.

பெயில் கம்பி ஒரு சுற்றுச் சுற்றி நரம்பை ஸ்பூலில் ஏற்றும்போது நரம்பில் ஒரு முறுக்கு விழுகிறது. பெயிலைத் திறந்து விட்டால் நரம்பு சுருளாகக் கழன்று, அந்த முறுக்கும் அவிழ்ந்துவிடும். ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரி. தகராறு எங்கே வருகிறது என்றால், பெயிலைத் திறக்காமல் டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) தளர்த்தி, கையால் நரம்பை உருவி இறக்குகிறோமே, அங்கேதான். அப்போது ஸ்பூல் உருண்டு நரம்பு நேராக வெளியே வருகிறது, பழைய முறுக்கு அவிழாமல் அதிலேயே தங்குகிறது. திரும்பச் சுற்றும்போது புது முறுக்கு அதன்மேல் ஏறுகிறது. நாள் முழுக்க இப்படியே இறக்கி ஏற்றினால் நரம்பு கயிறு திரித்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது, டிராக் கிரீச்சிடக் கிரீச்சிடக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பது. நரம்பு ஓர் அங்குலம்கூட உள்ளே வராது. ஆனால் ரீலின் கியர் விகிதம் 5:1 என்றால், கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு. மீன் ஓடும்போது கையை நிறுத்துங்கள். நின்ற பிறகு சுற்றுங்கள்.

வீசி இழுக்கும்போது இந்த முறுக்கு அவ்வளவாகத் தெரியாது. பனியில் ஜிக் செங்குத்தாகத் தொங்குவதால் சேர்ந்த முறுக்கு முழுவதும் அதைப் பிடித்துச் சுழற்றும். ஜிக்குக்கு அரை மீட்டர் மேலே ஒரு சின்ன ஸ்விவல் (தானாகச் சுழலும் இணைப்பு வளையம்) கட்டுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ஏற்கெனவே முறுக்கேறிய நரம்பு என்றால் ஜிக்கைக் கழற்றிவிட்டு, ஸ்விவலோடு கனமான ஈயம் ஒன்றைக் கட்டி, ஆழமான இடத்தில் இறக்கிச் சில நிமிடம் தொங்க விடுங்கள். முறுக்கு தானாக அவிழும்.

அப்புறம், இரையைக் கோணலாகக் குத்தினாலும் ஜிக் சுற்றும். ரீலைத் திட்டுவதற்கு முன்னால் அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பெய்ட்காஸ்டரில் முறுக்கே வராதா?

ரீலால் வராது. ஸ்பூல் உருண்டு விடுகிறது, உருண்டு வாங்குகிறது. லூர் சுழன்றால் அதனால் வரும்.

கேள்வி: அண்ணே, போன வாரம் பெய்ட்காஸ்டரில் லூரை இறக்கினேன். அது அடியைத் தொட்டதும் ஸ்பூலில் பெரிய சிக்கு. கையுறையைக் கழற்றி, விரல் விறைக்க விறைக்க அரை மணி நேரம் அவிழ்த்தேன். வீசாமலேயே எப்படிச் சிக்கு விழும்?

விழும். லூர் தரையைத் தொட்டு நின்றுவிட்டது, ஸ்பூலுக்கு அது தெரியாது. வந்த வேகத்தில் இன்னும் நான்கு சுற்றுச் சுற்றிவிடும். காந்த பிரேக், மையவிலக்கு பிரேக் எல்லாம் வீச்சின் வேகத்துக்காக வைத்தவை. இங்கே அவற்றை நம்ப வேண்டாம்.

கைப்பிடிப் பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும், ஸ்பூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க. லூர் நிதானமாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கிற அளவுக்கு அதை இறுக்குங்கள். கடைசி இரண்டு மூன்று மீட்டருக்குக் கட்டைவிரலை ஸ்பூலின் மேல் லேசாக வையுங்கள். லூரை மாற்றினால் திருகையும் மாற்ற வேண்டும், இதை எல்லோருமே மறக்கிறோம்.

அந்தக் கட்டைவிரல்தான் பெய்ட்காஸ்டரின் பெரிய பலமும்கூட. சோனாரில் மீன் 8 மீட்டரில் தெரிகிறது, லூர் இறங்கிக்கொண்டிருக்கிறது. 7 மீட்டர் வந்ததும் ஓர் அழுத்து, நின்றுவிடும். ஸ்பின்னிங்கிலும் விரலால் ஸ்பூல் விளிம்பை அழுத்தி நிறுத்தலாம்தான். ஆனால் தடித்த கையுறையோடு அதைச் செய்து பாருங்கள், தெரியும்.

கேள்வி: லெவல்வைண்ட் உறைந்து நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

நரம்பைப் பக்கவாட்டில் ஓட்டிச் சீராகச் சுற்றுகிற அந்தச் சின்ன வழிகாட்டி, நனைந்த நரம்பிலிருந்து தண்ணீரை வழித்து வழித்து அதன் திருகுப் பள்ளத்தில் சேர்த்துக்கொள்கிறது. வெளியே உறைகுளிர் என்றால் அந்தத் தண்ணீர் அங்கேயே கட்டியாகிவிடும். கட்டியோடு கைப்பிடியைப் பலமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் சின்னப் பல் உடையும்.

பெய்ட்காஸ்டரின் உண்மையான பலவீனம் இதுதான். நரம்பை ரீலுக்குள் விடும் முன் விரலால் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டால் கொஞ்சம் தாங்கும். சூடு வைத்த கூடாரத்துக்குள் உட்கார்ந்து பிடிப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. திறந்த வெளியில், காற்றில், துளைக்குத் துளை நடந்து பிடிப்பவர் என்றால் நான் ஸ்பின்னிங்கையே சொல்வேன்.

ராடு (தூண்டில் கோல்) வளையங்களில் ஐஸ் படிந்தால் தட்டி உடைக்காதீர்கள், நுனி போய்விடும். நுனியைத் துளைக்குள் தண்ணீரில் முக்குங்கள். பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வெளிக்காற்றை விட வெதுவெதுப்பு, ஐஸ் தானாக இளகும். 4 டிகிரியில்தான் தண்ணீர் மிகக் கனமாக இருக்கும் என்பதால், ஆழமான ஏரியின் அடியில் குளிர்காலம் முழுக்கக் கிட்டத்தட்ட அந்த 4 டிகிரியே இருக்கும். அதனால் நரம்பு தண்ணீருக்குள் உறைவதில்லை, மேலே வந்த பிறகுதான் உறைகிறது.

கேள்வி: குளிர் அதிகமான நாளில் ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடி பின்பக்கமாகவும் சுற்றுகிறது. மீனைக் கொக்கியில் மாட்ட இழுத்தால் ரீல் வழுக்குகிறது. பழுதா?

பழுது இல்லை, கிரீஸ். ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடும் பேரிங் உள்ளே இருக்கிறது. அதில் சின்ன உருளைகள் நெருக்கிக்கொண்டு பூட்ட வேண்டும். கெட்டியான கிரீஸ் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டால் பூட்டாது. அந்தப் பேரிங்கைச் சுத்தமாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கியருக்குக் குளிர் தாங்கும் கிரீஸைக் கொஞ்சமாகப் பூசுங்கள். பெய்ட்காஸ்டரிலும் இதே பேரிங் உண்டு, இதே வைத்தியம்தான்.

சரியாகிவிட்டதா என்று ஏரியில் போய்ப் பார்க்க வேண்டாம். வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரி. ரீலை ஓர் இரவு அதில் வைத்துக் காலையில் சுற்றிப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: ஸ்பின்னிங் ராடிலேயே பெய்ட்காஸ்டரை மாட்டலாமா?

வேண்டாம். ஸ்பின்னிங் ராடில் வளையங்கள் கீழ்ப்பக்கம், முதல் வளையம் பெரியது, சுருளாக வரும் நரம்பை அடக்க. பெய்ட்காஸ்டர் மேலே உட்கார்வது, அதற்கு வளையங்களும் மேலே, சிறியதாக. மாற்றி மாட்டினால் மீன் இழுக்கும்போது ராடு கையில் திரும்பப் பார்க்கும்.

கேள்வி: எந்த நரம்பு போடுவது?

ஸ்பின்னிங்கில் சிறிய மீனுக்கு 2 முதல் 4 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நரம்பு). குளிரில் மோனோ சுருள் நினைவோடு வரும், அதுவும் 500 அளவுக் குட்டி ஸ்பூலில் ஸ்பிரிங் மாதிரி நிற்கும். 1000 அளவு ரீல் எடுத்தால் சுருள் தளர்வாக இருக்கும். பெய்ட்காஸ்டரில் 15, 20 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு), முனையில் புளோரோகார்பன் லீடர் (நுனியில் தனியாகக் கட்டும் துண்டு). பிரெய்டு நீளாது என்பதால் ஆழத்தில் லேசாகத் தொட்டாலும் கைக்குத் தெரியும். ஆனால் தண்ணீரைக் குடித்து வெளியே வந்ததும் விறைக்கும். வெறும் ஸ்பூலில் பிரெய்டு வழுக்கும், அடியில் சில மீட்டர் மோனோ சுற்றிவிட்டு மேலே ஏற்றுங்கள். பைக் மீனுக்குப் பல் கூர்மை, கம்பி லீடர் இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: சார், 30 மீட்டர் ஆழத்தில் லேக் டிரவுட். 20 கிராம் லூர். ஸ்பின்னிங்கே போதாதா?

பிடிக்கலாம், பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2500 அளவு ரீல் தாங்கும். இருந்தாலும் இது பெய்ட்காஸ்டரின் வீடு. கனமான லூர் ஸ்பூலை நன்றாக உருட்டும், ஒரு பொத்தானை அழுத்தினால் நேராகப் போய்விடும். நரம்பு இறங்கும்போதும் லெவல்வைண்ட் ஓடுகிற ரீல் என்றால் (எல்லாவற்றிலும் ஓடாது) ஆழம் அளக்கவும் ஒரு வழி உண்டு. லெவல்வைண்ட் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக எத்தனை மீட்டர் நரம்பு போகிறது என்று வீட்டில் ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எத்தனை தடவை போய் வந்தது என்று எண்ணினால் லூர் நிற்கும் ஆழம் தெரியும். ஸ்பூல் காலியாகக் காலியாக அளவு கொஞ்சம் குறையும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீன் துளைக்குக் கீழே வந்து வட்டம் போடும்போது ராடு நுனியைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். பனிக்கட்டியின் விளிம்பு பிரெய்டைக் கத்தி மாதிரி அறுக்கும்.

கேள்வி: ஒரு ராடைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பக்கத்துத் துளையில் இரையோடு விட்டுவைக்க எது நல்லது?

கிளிக்கர் உள்ள உருண்டை வடிவப் பெய்ட்காஸ்டர். ஸ்பூலைத் திறந்து கிளிக்கரைப் போட்டுவிட்டால், மீன் இழுக்கும்போது நரம்பும் போகும், சத்தமும் வரும். என் முதல் பெய்ட்காஸ்டரை நான் அப்படி விடவில்லை, டிராக்கை இறுக்கி, ராடை ஒரு வாளியின் மேல் சாய்த்துவிட்டுப் பக்கத்துக் கூடாரத்தில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது வாளி மட்டும் இருந்தது.

கேள்வி: இன்லைன் ரீல் என்று ஒன்று சொல்கிறார்களே?

ஈ தூண்டில் (ஃப்ளை ஃபிஷிங்) ரீல் மாதிரி வட்டமாக, ராடின் கீழே தொங்கும். ஸ்பூல் உருள்வதால் ரீலால் முறுக்கு வராது, ஆனால் சுலபமாக உருளும், சின்ன டங்ஸ்டன் ஜிக்கையும் இறக்கும். ஜிக் சுற்றுவதுதான் உங்கள் ஒரே வருத்தம் என்றால் பெய்ட்காஸ்டர் பக்கம் போகாமல் இதை வாங்குங்கள். சுற்றி எடுப்பது மெதுவாக இருக்கும், 5, 6 மீட்டர் ஆழத்துக்கு அது பொருட்டில்லை. 20 மீட்டரில் கை கடுக்கும்.

கேள்வி: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

1000 அளவு ஸ்பின்னிங், டிராக் வழுவழுவென்று இளகுவதாகப் பார்த்து. இடக்கையா வலக்கையா என்ற கவலையும் இல்லை, கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் அது முடியாது, வாங்கும்போதே சரியான பக்கம் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு வந்ததும் ரீலை என்ன செய்ய வேண்டும்?

டிராக்கைத் தளர்த்திவிட்டு, உறையில் போடாமல் திறந்த இடத்தில் உலர விடுங்கள். வெதுவெதுப்பான இடத்துக்கு வந்ததும் ரீல் வியர்க்கும். அந்த ஈரத்தோடு மறுநாள் காலை வெளியே எடுத்துப் போனால் முதல் துளையிலேயே டிராக் உறைந்து நிற்கும்.