எஃப்.சி. முடிந்த லாரியும் எஸ்.ஐ. மீது வழக்கும்

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் சொந்தமாக ஒரு லாரி ஓட்டுகிறேன். தக்காளி லோடுடன் வந்த வண்டியைப் பக்கத்து ஊர் போலீசார் மடக்கி, பின் டயர் வழுக்கை, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) முடிந்து மூன்று வாரம் என்று சலான் போட்டு, ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த மணல் லாரிகளைக் கண்டுகொள்ளவே இல்லை. எஸ்.ஐ. டிரைவரைக் கேவலமாகப் பேசினார். தக்காளி முழுதும் அழுகிவிட்டது. எஃப்.சி. பார்ப்பது ஆர்.டி.ஓ. வேலைதானே? நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: மணல் லாரிகளை விட்டது உங்கள் வண்டிக்கு எஃப்.சி. ஆகிவிடாது. எஸ்.ஐ.யின் வாய்க்கு மேலதிகாரியிடம் தனியாகப் புகார் கொடுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்: அன்று எஃப்.சி. உயிரோடு இருந்ததா? இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆம் பிரிவுப்படி, எஃப்.சி. இல்லாத லாரி பதிவே இல்லாத வண்டியாகக் கருதப்படும். பதிவில்லாத வண்டியைப் பிடித்து வைக்க 207-ஆம் பிரிவு போலீசுக்கே அதிகாரம் தருகிறது. வழக்குப் போட்டால், எஃப்.சி. இல்லாமல் ஓட்டியதை உங்கள் பிரமாணப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுப்பீர்கள்.

நான் அஞ்சுவது அபராதத்துக்கு அல்ல. 192-ஆம் பிரிவில் முதல் முறைக்கு 5,000 ரூபாய் வரைதான். வண்டியை மீட்டவுடன், "தவணை கட்ட வேண்டுமே" என்று எஃப்.சி.க்கு முன் ஒரு நடை ஓட்டுகிறார்கள் பாருங்கள், என்னிடம் வருகிறவர்கள் விழுவது அங்கேதான். அந்த நடையில் ஒருவர் மீது மோதினால், பிரீமியம் கட்டியிருந்தும் இன்சூரன்ஸ் நிறுவனம் எஃப்.சி. தேதியைத்தான் முதலில் எடுத்து வைக்கும். பெர்மிட் இல்லாத லாரி வழக்கில், நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. எஃப்.சி. இல்லாததும் அப்படிப்பட்ட அடிப்படை மீறலே என்று அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. லட்சக்கணக்கில் வரும் அந்த வசூலில் வீடு வரை ஜப்தி போகும்.

டயர் விஷயம் இன்னும் மோசம். பழுது தெரிந்தே ஓட்டி, அதனால் விபத்தானால் 190-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை உண்டு. "எனக்குத் தெரியாது" என்று இனிச் சொல்ல முடியாது, சலானில் எழுதியிருக்கிறதே.

ஆகவே அபராதத்தைக் கட்டி முடித்துக்கொள்ளுங்கள். டயரை மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எஃப்.சி. கையில் வரும்வரை லோடு ஏற்றாதீர்கள். "வண்டியைக் காட்டாமலே வாங்கித் தருகிறேன்" என்னும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தக்காளிப் பணம் போனது போனதுதான்.