ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓடிப் பிடிக்கும் விளையாட்டுகள் நடத்தலாமா? அடிபடும் என்று பயமுறுத்துகிறார்களே?

நடத்தலாம். நடத்தியே ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: மூத்த ஆசிரியர்கள் வேண்டாம் என்கிறார்கள், ஓடினால் விழுவார்கள், பெற்றோர் வந்து நிற்பார்கள், வகுப்புக்குத் திரும்பினால் பிள்ளைகள் அடங்க மாட்டார்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது, முப்பதுக்கும் மேல் பிள்ளைகள், பெரிதாக இல்லாத ஒரு மைதானம், துணைக்கு ஆள் கிடையாது என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியை இல்லை. பல வருடங்களாகச் சின்ன வகுப்புகளை எடுக்கும் சாதாரண வகுப்பாசிரியை. "இதைச் சொல்ல இவர் யார்" என்று கேட்க நினைப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஒரு சிறுமி விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. விழுந்தது மாடிப்படியில், பள்ளி விடும் நேரத்து நெரிசலில். விளையாட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் வந்த உத்தரவு, சின்ன வகுப்புகள் இனி மைதானத்தில் ஓடக் கூடாது, இடைவேளையில் உட்கார்ந்து விளையாடட்டும் என்பது. சரி, என்ன நடக்கிறது பார்ப்போம் என்று இருந்தேன். நடந்தது இதுதான். மைதானத்தில் ஓடாத பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஓடினார்கள். தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நிற்கும்போது ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டார்கள், போகும்போதும் ஓட்டம், வரும்போதும் ஓட்டம், அதுவும் தூணும் கதவு விளிம்பும் இருக்கிற இடத்தில். அந்த உத்தரவு இருந்த நாட்களில் நான் மருந்து போட்ட முழங்கால்கள் குறையவே இல்லை.

தலைமையாசிரியரிடம் போனேன். "சார், என் வகுப்பை மட்டும் எனக்கு விடுங்கள், ஒரு நாள் நீங்களே வந்து நின்று பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்" என்றேன். வந்தார். முழு நேரமும் வெயிலில் நின்று பார்த்தார். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இத்தனை பேர் ஓடியும் யாரும் மோதிக்கொள்ளவில்லையே, எப்படி டீச்சர்?"

அதற்கு நான் சொன்ன பதில்தான் உங்களுக்கும். நான் முதலில் சொல்லிக்கொடுத்தது ஓட்டத்தை அல்ல, நிற்பதை. இந்த வயதுப் பிள்ளைக்கு ஓடத் தெரியும், ஓடிக்கொண்டே சட்டென்று நிற்கவும் திரும்பவும் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்கவும் இன்னும் சரியாகக் கைவரவில்லை. அது பழகப் பழகத்தான் வரும். அதனால் முதல் சில வகுப்புகளில் துரத்தலே கிடையாது. விசில் ஒரு முறை அடித்தால் எல்லோரும் ஒரே திசையில் மெதுவாக ஓட வேண்டும், என் கை மேலே போனால் இருந்த இடத்தில் சிலை. அப்புறம் இஷ்டப்பட்ட திசையில் நடை, ஆனால் யார் மேலும் படக் கூடாது. அப்புறம் அதையே வேகமான நடையாக. இது சரியாக வந்த பிறகுதான் ஒருவர் துரத்த மற்றவர்கள் ஓடுவது.

இடத்தைப் பற்றி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். சுவரை எல்லைக்கோடாக வைக்கவே வைக்காதீர்கள். "சுவரைத் தொட்டுவிட்டு வா" என்று சொல்வதைப் பல இடங்களில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. முழு வேகத்தில் வருகிற பிள்ளை கையை நீட்டிச் சுவரில் போய் மோதும், மணிக்கட்டுதான் முதலில் அடி வாங்கும். எல்லைக்கோட்டைச் சுவரிலிருந்து பல அடி தள்ளிப் போடுங்கள், கோட்டைத் தாண்டிய பிறகும் ஓடி வேகம் குறைய இடம் இருக்க வேண்டும். எதிரெதிர்த் திசையில் இரண்டு கூட்டம் ஓடி இடம் மாறும் விளையாட்டையும் இந்த வயதில் தவிர்த்துவிடுங்கள். தொடுவது முதுகிலும் தோளிலும் மட்டும், தள்ளினால் அந்தத் தொடல் செல்லாது. தொடப்படுவதே பிடிக்காத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள், அவர்களை வற்புறுத்த வேண்டாம். எல்லோருக்கும் இடுப்பில் ஒரு துணிப்பட்டையை வாலாகச் செருகி, அதை உருவுவதுதான் விளையாட்டு என்று மாற்றிவிட்டால் யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, "அவுட்" ஆனவர் ஓரமாகப் போய் உட்காரும் விளையாட்டுகளை விட்டுவிடுவது. யோசித்துப் பாருங்கள், முதலில் அவுட் ஆவது யார்? மெதுவாக ஓடுகிற பிள்ளை, பருமனான பிள்ளை, கூச்சப்படுகிற பிள்ளை. ஓட்டம் அதிகம் தேவைப்படுகிறவர்களை முதல் நிமிடத்திலேயே உட்கார வைத்துவிட்டு, நன்றாக ஓடுகிறவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறோம். நான் மட்டும் சொல்லும் பேச்சு இல்லை இது. அமெரிக்காவில் நீல் வில்லியம்ஸ் என்ற உடற்கல்விப் பேராசிரியர் 1992-லேயே, பள்ளிகள் கைவிட வேண்டிய விளையாட்டுகள் என்று எழுதியபோது இசை நாற்காலியையும் அதில் சேர்த்தார். என் வகுப்பில் தொடப்பட்டவர் சிலையாக நிற்பார், இன்னொருவர் வந்து தொட்டால் மறுபடி ஓடலாம். துரத்துகிறவர்கள் ஒருவருக்குப் பதில் மூன்று நான்கு பேர், ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம். யாரும் அதிக நேரம் சும்மா நிற்பதில்லை, யாரும் கடைசி வரை தோற்பதும் இல்லை. தொடர் ஓட்டம் வைத்தாலும் பத்துப் பேர் வரிசை வேண்டாம், ஒரு பிள்ளை ஓடும்போது ஒன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மூன்று பேர் போதும்.

"போட்டி இல்லாமல் வளர்த்தால் உலகத்தில் எப்படிப் பிழைப்பார்கள்" என்று யாராவது கிளம்புவார்கள் என்று தெரியும். போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு வயதில் எல்லோரும் ஓடட்டும், யார் முதல் என்பதைப் பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக இயக்கும் செயல்பாடு வேண்டும் என்கிறது. நம் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கிறது அந்த 60 நிமிடம்? கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் விளையாட்டு நேரத்தை எடுத்துக்கொள்கிறோம், யாராவது சத்தம் போட்டால் தண்டனையாக இடைவேளையை வெட்டுகிறோம். அப்படி வெட்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2013-லேயே சொல்லிவிட்டது. அதிகம் நெளிகிற பிள்ளையைத்தான் நாம் உட்கார வைக்கிறோம், அவனுக்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. எதைச் செய்தாலும் புகைப்படம் எடுத்து அனுப்பு என்கிறார்கள். வாசித்தால் படம், செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் படம், கை கழுவினால் படம். பிள்ளைகள் ஓடும்போது என் கண் கைபேசியில் இருந்தால் விழுகிற பிள்ளையை யார் பார்ப்பது? படம் அனுப்பாத ஆசிரியை வேலை செய்யவில்லை என்று பதிவாகிறது. ஒரு கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டேன், "எல்லோரும் அனுப்புகிறார்களே" என்பதுதான் கிடைத்த பதில்.

சரி, கேள்விக்கு வருகிறேன். வகுப்புக்குத் திரும்பினால் அடங்க மாட்டார்கள் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. முழு வேக ஓட்டத்திலிருந்து நேராகப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தால் அடங்க மாட்டார்கள்தான். கடைசி நான்கைந்து நிமிடத்தை ஒதுக்கி மெதுவாக நடக்க வையுங்கள், தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு சீராகட்டும், அப்புறம் உள்ளே வரட்டும். அதன் பிறகு என் வகுப்பில் வாசிப்பு நன்றாகவே போகிறது, ஓடாத நாளைவிட நன்றாக.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார் என்று வருட ஆரம்பத்திலேயே பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் ஓட்டத்துக்கு முன் இன்ஹேலர் எடுக்கச் சொல்லியிருந்தால் அது மைதானத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும், வகுப்பறைப் பையில் அல்ல. ஓடும் முன் மெதுவாக உடலைச் சூடேற்றுவது அவர்களுக்கு மிகவும் உதவும். ஆஸ்துமா என்பதற்காக ஓரம்கட்டிவிடாதீர்கள். அப்புறம் வாயில் மிட்டாய் எதுவும் இல்லை, காலணி நாடா கட்டியிருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். கீழே விழுந்ததில் பாதிக்கு மேல் நாடாவால்தான் என்பது என் அனுபவம்.