அரசியல் செய்தியாளர் ஆக விஸ்காம் படித்து, சென்னைக்குப் போயே ஆக வேண்டுமா?

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தைச் சேர்ந்தவர் என்றும், தமிழ் இளங்கலை படிப்பதாகவும், தொலைக்காட்சியில் அரசியல் செய்தியாளர் ஆக விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பும் சென்னை வாசமும் கட்டாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே பதில் எழுதிய ஒருவர், மாவட்டத்தில் இருப்பவனுக்கு மீனும் புயலும்தான் செய்தி, அரசியல் அவன் கைக்கு வராது என்று முடித்துவிட்டார். அந்த வரிதான் என்னை எழுத வைக்கிறது. நான் பாம்பனில் பிறந்தவன். தாலுகா செய்தியாளராகத் தொடங்கி, சென்னையில் கட்சி அலுவலக வாசல்களில் சில ஆண்டுகள் நின்று, இப்போது மறுபடியும் மாவட்டச் செய்தியாளராக இருக்கிறேன். சென்னையில் இருக்கும் நண்பர்கள் இதைத் தங்கள் மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் நான் சம்பளம் வாங்கியவன்தான்.

படிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தப் பட்டம் என்று இதுவரை என்னிடம் யாரும் அழுத்திக் கேட்டதில்லை. விஸ்காம் படித்தவர்களுக்குக் கேமராவும் எடிட்டிங்கும் கைவந்திருக்கும், அது நல்ல தொடக்கம். வசதியும் ஆங்கிலமும் இருந்தால் சென்னையில் ஏசிஜே என்ற இதழியல் கல்லூரி இருக்கிறது. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில் பயின்று பின்னர் காட்சி ஊடகத்துக்கு வந்தவர்களும் நிறைய உண்டு. இவற்றில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்களும் உண்டு, நான் அந்தக் கூட்டம்.

உண்மையான நுழைவாயில் வேறு. 1993-இல் சன் டிவி வந்தபோது செய்தி என்பது நாளின் குறிப்பிட்ட நேரங்களில் வாசிக்கப்படுவதாக இருந்தது. 2011-இல் புதிய தலைமுறையும், 2012-இல் தந்தி டிவியும், 2014-இல் நியூஸ் 7 தமிழும் வந்தபின் இருபத்து நான்கு மணி நேரத்தையும் நிரப்பும் போட்டி கூடி, ஒவ்வொரு மாவட்டத்திலும் கூப்பிட்ட குரலுக்கு ஓட ஆள் தேவைப்பட்டது. அப்படி எடுக்கப்படுபவர்களில் கீழ்ப்படியில் இருப்பவர் ஸ்ட்ரிங்கர். அவருக்கு மைக் லோகோவும் அடையாள அட்டையும் கிடைக்கும், சம்பளம் கிடைக்காது. ஒளிபரப்பான செய்திக்கு மட்டும் கணக்குப் போட்டு, பல மாதம் கழித்து, கொஞ்சம் பணம் வரும். அதற்கு மேல் மாவட்டச் செய்தியாளர், அதற்கும் மேல் சென்னையில் செய்தியாளர், பிறகு ஏதாவது ஒரு கட்சியின் செய்திகளைத் தொடரும் பீட், சிறப்புச் செய்தியாளர், களத்துச் செய்திகளை வாங்கும் இன்புட் பொறுப்பு அல்லது விவாத நெறியாளர் என்று படி போகும். இந்த ஏணியில் பலர் விழுவது மாவட்டத்துக்கும் சென்னைக்கும் நடுவில்தான். இன்புட் டெஸ்க்கில் இருப்பவர் உங்கள் பெயரை மறந்து, "ராம்நாடு" என்றே கூப்பிடப் பழகிவிட்டால், உங்களிடமிருந்து விஷுவலும், பைட் எனப்படும் சிறு பேட்டித் துணுக்கும் மட்டுமே எதிர்பார்ப்பார்கள்.

இனி, மீன் அரசியலில்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். 2024 மார்ச் 31 அன்று பிரதமர் கச்சத்தீவைப் பற்றிப் பதிவிட்டதும், தேர்தல் நேரமாதலால், வெளியூர்ச் செய்தியாளர்கள் இராமேசுவரம் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவரிடம் கச்சத்தீவு எந்தத் திசையில் தெரியும் என்று கேட்டு, கேமராவைக் கடல் பக்கம் திருப்பச் சொன்னார். பத்துக் கடல் மைலுக்கு அப்பால் இருக்கும் 285 ஏக்கர் தீவு ஜெட்டியில் நிற்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அதையாவது மன்னிக்கலாம். 1974 ஒப்பந்தத்தையும் 1976 ஒப்பந்தத்தையும் ஒன்றாகக் குழப்பி நேரலையில் பேசியதை எப்படி மன்னிப்பது? 1974-இல் தீவு இலங்கைப் பக்கம் போனது. ஆனாலும் நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் அங்கே போய்வருவதற்கு அந்த ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. 1976-இல் கைமாறிய கடிதங்கள்தான் எல்லை தாண்டி மீன்பிடிப்பதை வெளிப்படையாக மறுத்தன. இந்த வேறுபாடு தெரியாதவர் எந்தக் கட்சித் தலைவரிடமும் இதுபற்றித் துணைக்கேள்வி கேட்க முடியாது, தலைவர் சொன்னதை வாங்கிக்கொண்டு வரலாம், அவ்வளவே. எங்கள் ஊரில் விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் இதை எந்தெந்தப் பக்கத்திலிருந்து பேசுவார்கள் என்பது தெரிந்தவருக்கோ, ஒரு பைட்டிலேயே ஒரு தொகுதியின் நாடி பிடிபட்டுவிடும்.

என் சொந்தக் கதை 2014 அக்டோபர் 30-இல் இருக்கிறது. அக்டோபர் 30 என்றால் எங்கள் மாவட்டத்தில் பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூசை என்று பொருள். தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக வருவார்கள்; யார் யாரோடு வந்தார், யார் வராமல் விட்டார் என்று பார்த்தே அடுத்த ஆண்டுக் கூட்டணிக் கணக்கைப் போடுபவர்கள் உண்டு. அந்த ஆண்டு இன்னும் விசேஷம். ஜெயலலிதா அளித்த 13 கிலோ தங்கக் கவசம் சாத்தப்படும் முதல் குருபூசை அது. அவர் பதவி இழந்து ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சராகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் சேனலிலிருந்து, நேரலை ஒளிபரப்பும் ஓபி வேனோடு ஒரு மூத்த செய்தியாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை கூட்டத்தில் நுழைந்து பைட் வாங்கி அவரிடம் சேர்ப்பது. அப்போது தங்கச்சிமடத்திலிருந்து என் சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணே, கொழும்புல அஞ்சு பேருக்கும் தூக்குன்னு சொல்லிட்டாங்களாம்" என்றான். 2011 நவம்பரில் ஹெராயின் கடத்தியதாகச் சொல்லி இலங்கையில் பிடித்துவைக்கப்பட்ட தங்கச்சிமடம் மீனவர்கள் ஐவருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்தது.

டெஸ்க்குக்குச் சொன்னேன். ஓபி வேன் பசும்பொன்னிலேயே இருக்கட்டும், நீங்கள் மட்டும் போய் ஃபோனோ, அதாவது தொலைபேசி வழி நேரலைச் செய்தி, கொடுங்கள் என்றார்கள். பாதுகாப்புக்காகப் பாதிச் சாலைகளை அடைத்திருந்த நாளில், கேமராமேனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு முதுகுளத்தூர் வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் பைக்கில் போனேன். வழியெல்லாம் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்துகொண்டே வந்தது. பாம்பன் பாலம் தாண்டும்போது இருட்டிவிட்டது. தங்கச்சிமடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்திருந்தார்கள், சாலையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேமராமேன் விளக்கைப் போட்டதும் முன்னால் இருந்த ஒரு பெரியம்மா என்னை அடையாளம் கண்டு, "பாம்பன் தம்பிதான? முதல்ல அந்த லைட்ட அமத்து, பெறகு கேளு" என்றார். அமர்த்திவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அடுத்த அரை மணி நேரத்தில், மூன்று ஆண்டுகளில் எந்தெந்தக் கட்சிக்காரர் எந்தெந்த வீட்டுக்கு வந்தார், என்ன சொன்னார், பிறகு யாருடைய ஃபோன் எடுக்கப்படாமல் போனது, வக்கீலுக்கு எப்படிப் பணம் திரட்டினார்கள் என்பதையெல்லாம் அந்தப் பெண்கள் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். பந்தல் போட்டபின் எந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் முதலில் வந்தார், யாரை முன்வரிசையில் உட்கார விட்டார்கள், யாரை நிற்க வைத்தார்கள் என்பதும் என் குறிப்பில் ஏறியது.

இரவுச் செய்தியில் ஃபோனோவில் நெறியாளர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் தடுமாறவில்லை. கைதான நாளிலிருந்தே வழக்கு வாய்தாக்களை ஒரு நோட்டில் எழுதிவந்திருந்தேன். அந்த நோட்டை வைத்திருக்கும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் என்பதால் எழுதினேன். மறுநாள் காலை பசும்பொன்னிலிருந்து ஓபி வேன் வந்தது. மூத்தவர் இறங்கி, என் மைக்கில் இருந்த லோகோவைக் கழற்றித் தன் மைக்கில் மாட்டிக்கொண்டு, இரவு நான் சொன்னதையே கேமரா முன் நின்று சொன்னார். திரையில் அவர் பெயர் ஓடியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரை அனுப்பியவர்கள் அப்படித்தான் வேலையைப் பங்கு போட்டிருந்தார்கள். அந்த நவம்பரிலேயே அதிபர் ராஜபக்ச மன்னிப்பு வழங்கி ஐவரும் ஊர் திரும்பியபோது, லோகோவை நான் கழற்றித் தரவில்லை.

எப்படிப் பார்த்தாலும் அந்த ஃபோனோதான் என்னைச் சென்னைக்குக் கொண்டுபோனது. இன்புட் ஆசிரியர் சில மாதம் கழித்து அழைத்து, கட்சி பீட் பார்க்கிறாயா என்று கேட்டார். சென்னையில் அரசியல் செய்தியாளரின் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பு என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, ஜெயலலிதா சிகிச்சையில் இருந்த அப்போலோவுக்கு வெளியே, கிரீம்ஸ் சாலை நடைபாதையில் நின்றவர்களில் நானும் ஒருவன். 2017 பிப்ரவரி 7 இரவு மெரினாவில் ஓ. பன்னீர்செல்வம் கண்மூடி அமர்ந்தபோதும், அடுத்த வாரம் அதிமுக எம்எல்ஏக்கள் தங்கவைக்கப்பட்ட கூவத்தூர் விடுதிக்கு வெளியே கூட்டம் கூடியபோதும் என் மைக் அங்கே இருந்தது. அந்த சில மாதங்களில் பெயர் வாங்கி, இன்று நெறியாளர் இருக்கையில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். திறமைசாலிகள்தாம். ஆனால் அங்கே எல்லார் கையிலும் ஒரே பைட் இருக்கும். பத்து மைக் ஒரே வாய்க்கு நீட்டப்படும்போது, எவரும் கேட்காத கேள்வியைக் கேட்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடிக்கு என்னிடம் சரக்கு இருந்ததென்றால் அது கடலோரத்தில் சேர்த்தது.

பிறகு ஏன் திரும்பி வந்தாய், துரத்திவிட்டார்களா என்று இங்கே ஒருவர் நிச்சயம் கேட்பார். குடும்பக் காரணம், விவரம் தேவையில்லை. வந்தபின் அரசியல் கிடைக்காமல் போய்விட்டதா என்றால், 2024 மக்களவைத் தேர்தலில் இதே ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றது இராமநாதபுரத்தில்தான். அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் கொண்ட வேறு பன்னீர்செல்வங்களும் நின்றார்கள். வாக்கு எண்ணும் நாளில் சென்னை டெஸ்க், எந்தப் பன்னீர்செல்வத்துக்கு எத்தனை என்று தலையைப் பிய்த்துக்கொண்டது. அறந்தாங்கியும் திருச்சுழியும் இந்த மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன என்பதையே அன்று காலை நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. திமுக கூட்டணியின் நவாஸ்கனி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றதைச் சொல்ல எல்லோராலும் முடிந்தது. எந்தச் சட்டமன்றப் பகுதியில் எவ்வளவு, ஏன் என்று சொல்ல அன்று மாவட்டத்து ஆள் தேவைப்பட்டார்.

கசப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆசை காட்டி ஏமாற்றியவன் ஆவேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சேனலில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆண்டுவிழாவுக்கும் மாவட்டச் செய்தியாளர்தான் விளம்பரம் பிடிக்க வேண்டும், இலக்கு வைத்துத் தருவார்கள். ஒன்றியச் செயலாளரிடம் வாழ்த்து விளம்பரத்துக்குக் காசோலை வாங்கிய அதே வாரம், மணல் லாரி யாருடையது என்று அவரிடமே மைக்கை நீட்ட வேண்டும். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தர மாட்டார்கள். மாவட்டச் செய்தியாளர் என்றாலே கவரில் காசு வாங்குபவர் என்று எழுதும் அறிவாளிகள், அந்தக் காசோலை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தலைமை அலுவலகத்தைக் கேட்பதில்லை. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று 1955-இல் வந்த சட்டம் செய்தித்தாள் நிறுவனங்களைப் பற்றி மட்டுமே பேசியது. தொலைக்காட்சிக்காரர்களையும் அந்த வரையறைக்குள் கொண்டுவர 2020-இன் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரிங்கருக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகும் விருப்பம் இருந்தால், கல்லூரி முடிக்கும் முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 என்று ஒன்று கிடைக்கும். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்ற பட்டியல் அது. உங்கள் ஊர்ச் சாவடியில் தொடங்கி, மாவட்டத்தின் நான்கு தொகுதிகளையும் அதை வைத்துப் படியுங்கள். 2008 மறுசீரமைப்புக்கு முன் கடலாடி என்றொரு தொகுதி இருந்ததையும், அதன் ஊர்கள் இப்போது எங்கே சேர்ந்திருக்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டால், பழைய நிர்வாகிகள் உங்களிடம் மணிக்கணக்கில் பேசுவார்கள். வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரம் இருக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரங்களை இரண்டு தேர்தலுக்கு எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கிராம சபைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுக்கூட்டத்தையும் மீனவர் குறைதீர் கூட்டத்தையும் விடாதீர்கள். கையில் இருக்கும் ஃபோனே கேமராதான். எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையையும் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கடலோரத்தில் அது ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தமிழ் படிப்பது வீணா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். டெஸ்க்கில், திரையின் அடியில் ஓடும் ஸ்குரோலைப் பிழையில்லாமல் அடிக்கவும், அறிக்கையைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் செய்தி எழுதவும் ஆள் கிடைக்காமல் சேனல்கள் திண்டாடுகின்றன. களத்தில் இடம் கிடைக்கத் தாமதமானால் துணை ஆசிரியராக அந்த வழியில் நுழையலாம், என்னோடு சென்னையில் பீட் பார்த்தவர்களில் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான். அதற்கான எழுத்துத் தேர்வில் பெரும்பாலும் ஒரு ஆங்கில ஏஜென்சிச் செய்தியைத் தமிழில் எழுதச் சொல்வார்கள், தினமும் ஒன்றாவது எழுதிப் பழகுங்கள்.